அணைக்கிறது ஆபீஸ் வேலை

அடுக்குமாடி நிர்வாக அலுவலகத்தில் வேலை பார்ப்பது என்றால், "ஏன் விளக்கை அணைத்தாய்?" என்று கேட்பவருக்கும் "ஏன் விளக்கை அணைக்கவில்லை?" என்று கேட்பவருக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது. நான் அப்படி உட்கார்ந்திருந்தது மலேசியாவில், சிரம்பானை ஒட்டிய பாரோயில், எண்பதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை. பத்து மாடிக் கட்டடம். ரெம்பாவ், பெடாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டங்கள் கைமாறி, கித்தா மரங்கள் சாய்ந்து, தொழிலாளர் லயத்து வீடுகள் இடிபட்டபோது, அங்கிருந்தவர்கள் பானை சட்டியோடு லாரியில் வந்து இறங்கிய இடம் அது.

என் பெயர் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்ப்பவர் கிராணி. ஆகவே நான் கிராணியம்மா. கல்லூரியில் நான் படித்ததெல்லாம் கவிதை. தண்ணீர்ப் பம்பும் லிப்டு மோட்டாரும் அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை. நீங்களும் மாடி வீட்டில் வெந்து, இருட்டில் படியேறி, பொதுவிளக்குக்காகத் தொண்டை வறளச் சண்டை போட்டவர் என்றால் மேலே படியுங்கள். மற்றவர்களுக்கு இது ஒரு கிழவியின் புலம்பலாகத் தோன்றலாம். தோன்றட்டும்.

யார் அணைப்பது?

எங்கள் மேலாளர் சபாபதி, சிரம்பான் டவுனில் கடை வைத்துச் செழித்த குடும்பத்துப் பிள்ளை. அவருடைய அறையிலிருந்து அலுவலகம் முழுவதற்கும் பரவும் ஏர்கோன் காலையில் தொடங்கினால் கதவு பூட்டும்வரை ஓயாது. குளிர் தாங்காமல் அவர் ஜாக்கெட் போட்டுக்கொண்டிருப்பார். நான் கம்பளிச் சால்வை. அதைக் குறைக்கலாமே என்று ஒருமுறை சொன்னேன். "வெளியே எவ்வளவு சூடு பாத்தீங்களா?" என்றார். குடியிருப்பாளர்கள் அவரைத் 'தொரை' என்றே கூப்பிட்டார்கள். மரியாதை கொஞ்சம், பழக்கம் மிச்சம்.

தோட்டத்து ஆட்கள் குடிவந்த புதிதில் ஒரு காலை, அவர் காரிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்துவிட்டுக் கொதித்துப்போய் உள்ளே வந்தார். ஒன்பதாம் மாடி வீடுகளில் பட்டப்பகலில் விளக்கு எரிகிறதாம். "அறிவே கிடையாது. போய்ச் சொல்லிட்டு வாங்க." சால்வையைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். கதவைத் திறந்தவள் பாக்கியம். பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் இளவயதிலிருந்து கித்தா மரத்தில் பால் வெட்டியவள். உள்ளே சக்கர நாற்காலியில் அவள் கணவர் மாணிக்கம். இனிப்புநீர் வியாதி அவருடைய ஒரு காலை முட்டிக்குக் கீழே கொண்டுபோயிருந்தது. முன்னறை, அடுப்படி, குளியலறை எல்லாவற்றிலும் விளக்கு.

கோப்பி கொடுத்துவிட்டு அவள் விளக்கினாள். அவர்களுடைய லயத்தில் வீட்டுக்கு ஒரு குண்டு பல்பு. அதற்குச் சுவிட்சு கிடையாது. பொழுது சாய்ந்ததும் தோட்டத்து ஆபீஸ் ஆள் மின்சார இஞ்சினை முடுக்குவான், வெளிச்சம் வரும். நிறுத்துவான், போய்விடும். தன் வீட்டு விளக்கைத் தானே அணைக்கும் உரிமையை இரண்டு தலைமுறைக்குக் கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, மூன்றாம் தலைமுறையைப் பார்த்து அறிவில்லை என்கிறோம். பாக்கியம் என் முகத்தைப் பார்த்துச் சங்கடப்பட்டாள். "சுவிட்சு தெரியாம இல்லீங்க கிராணியம்மா. போடுறது நாங்க போட்டோம். அணைக்கிறது ஆபீஸ் வேலை இல்லீங்களா?"

ஓவர்டைம்

அந்தக் கட்டடத்தின் நடைவழிகள் இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே ஓடின. இந்தப் பக்கம் கதவுகள், அந்தப் பக்கம் கதவுகள், இரு முனையிலும் சுவர். முனைகளைத் திறந்து விட்டிருந்தால் காற்றும் வெளிச்சமும் கேட்காமலே உள்ளே வந்திருக்கும். ஆனால் அந்த இடத்தில் மாடிக்கு இரண்டு வீடு கூடுதலாக அடக்கலாம் என்று வரைந்த மகராசனுக்குத் தோன்றியிருக்கிறது. விளைவு, நடுப்பகலில் அங்கே நின்றால் நீட்டிய கை தெரியாது. கட்டடம் நிற்கும் காலமெல்லாம் பகலிலும் டியூப் லைட் எரிந்தாக வேண்டும் என்று அன்றைக்கே விதித்துவிட்டார்கள்.

கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது: பொதுவிளக்குகளைப் பகலில் அணைக்கவும். உத்தரவு எழுதியவர் எங்கள் நடைவழியைப் பார்த்ததில்லை. வயர்மேன் ரஹீம் அணைத்தார். அவர் மலாய்க்காரர், ரெம்பாவில் தமிழர்களோடு வளர்ந்து எங்களைப் போலவே தமிழ் பேசுவார். கொஞ்ச நேரத்தில் நாலாம் மாடியில் ஒரே கூச்சல். மீன் குழம்புச் சட்டியோடு வந்த ஒருத்தியும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவரும் இருட்டில் மோதிக்கொண்டார்கள். "கண்ணு பொறத்தாலயா இருக்கு?" என்று அவள், "குழம்புக்கு ஹார்ன் இல்லியே" என்று அவர். ரஹீம் மறுபடியும் விளக்கைப் போட்டுவிட்டு, சுவரில் வழிந்த மீன் குழம்பைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "வெளிய சூரியன் சும்மா நிக்குது, உள்ள லைட்டு ஓவர்டைம் பாக்குது. என்ன கட்டடம் லா இது!"

தம்பியின் குளிர்

மேற்குச் சுவரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்திருந்து, நாம் வேலை விட்டு வரும் நேரம் பார்த்துத் திருப்பித் தரும் சுவர் அது. லயத்துப் பலகைச் சுவர் இரண்டு மழைத் தூறலில் ஆறிவிடும். கான்கிரீட்டுக்கு மறதி கிடையாது. பாக்கியத்தின் பக்கத்து வீடு அந்தச் சுவரோடு ஒட்டியது. அதில் குமரன் என்ற இளைஞன், தொழிற்சாலை வேலை, கைக்குழந்தை. குழந்தையின் முதுகெல்லாம் வேர்க்குரு. அவன் ஏர்கோன் வாங்கி மாட்டினான். யார் குறை சொல்வது? ஆனால் அதன் பின்புறம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான காற்றுக் குழியைப் பார்த்து நின்றது. பாக்கியத்தின் அடுப்படிச் சன்னல் திறப்பதும் அதே குழிக்குள்தான்.

இருவரும் சேர்ந்தே என் மேசைக்கு வந்தார்கள். "நான் என்னக்கா செய்ய? வெயில நானா கொண்டாந்தேன்?" என்றான் அவன். "கட்டடம் சரியில்ல, என்னைத் திட்டுறீங்க." சொன்னதில் தப்பில்லை. ஆனால் பாக்கியம் சன்னலைச் சாத்திவிட்டுச் சமைத்தால் புகை, திறந்து வைத்தால் அனல். அவளைப் போலவே மேல் மாடிக்காரர்கள் சன்னலை மூடினார்கள். முடிந்தவர்கள் ஆளுக்கொரு ஏர்கோன் மாட்டினார்கள். ஒவ்வொன்றும் அந்தக் குழியை இன்னும் கொதிக்க வைத்தது. உலகம் சூடேறுவது பற்றிப் பின்னாளில் நான் படித்த தடித்த புத்தகங்கள் எதுவும், அந்தக் குழியில் நான் எட்டிப் பார்த்ததைவிட அதிகமாக எனக்குச் சொல்லவில்லை. பாக்கியம் குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள்: "ஒன் வீட்டுச் சூட்ட அள்ளி எங்க வீட்டுல கொட்டுறியே தம்பி, எங்க வீடு என்ன குப்பத் தொட்டியா?"

குழாய் மழை

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதவை உடைந்துபோனது. தொட்டி நிரம்பியது தெரியாமல் பம்பு இரவும் பகலும் இறைத்தது. இறைத்த நீர் கிழக்குச் சுவர் வழியே இறங்கி ஓடியது. மின்சாரம் செலவழித்துப் பத்து மாடி ஏற்றி, பாசி வளர்ப்பதற்காகக் கீழே விடுகிறோம். மிதவை வாங்க மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார் சபாபதி. விளக்கை அணைக்கச் சொல்லும் உத்தரவு மறுநாளே வந்து சேரும். மிதவைக்கு அனுமதி மட்டும் எந்த வழியில் நடந்து வந்ததோ தெரியவில்லை. சுவரடியில் வாளிகளை வரிசையாக வைத்துத் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள்: "அனுமதி மெதுவா வரட்டும் கிராணியம்மா, இன்னும் போர்வையெல்லாம் கெடக்கு."

பச்சை வீடு

ஒருநாள் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வந்து, தரைத்தளத்தில் பந்தல் போட்டு மலாயில் பேசினார். நல்ல மனிதர், சிரத்தையாகப் பேசினார். நாம் இங்கே சுவிட்சைத் தட்டினால் எங்கோ கடலோரத்து மின்நிலையத்தில் எண்ணெய் எரிகிறது. அந்தப் புகையில் கரியமில வாயு. அது வானத்தைப் போர்வை போல மூடிக்கொள்ள, பூமி வேகிறது என்றார். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த மாணிக்கம் என் பக்கம் சாய்ந்து, "அப்ப இஞ்சின் நிக்கல. தூரமா கொண்டுபோய் வச்சிருக்கானுங்க" என்று முணுமுணுத்தார். இதற்கெல்லாம் பெயர் 'கெசான் ருமா ஹிஜாவ்' என்று அதிகாரி முடித்தார். கண்ணாடிக் கூடாரத்தில் செடி வளர்ப்பதை வைத்துச் சொன்னது. ஆனால் சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'பச்சை வீட்டின் விளைவு'.

எங்கள் கட்டடத்துக்கு அடித்த நீல வர்ணம் உரிந்து சொறி பிடித்த மாதிரி இருந்தது. புது வர்ணம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள் காதில் வீடு என்ற சொல்லும் பச்சை என்ற சொல்லும் ஒன்றாக விழுந்தால் என்ன ஆகும்? பின்வரிசையிலிருந்து கைதட்டல் கிளம்பியது. "பச்சையா? மாரியாத்தா கோயில் பச்சையா, பள்ளிவாசல் பச்சையா?" என்று ஒருவர், "வெளிர் பச்சைன்னா அழுக்குத் தெரியும் லா" என்று இன்னொருவர். அதிகாரி மகிழ்ந்துபோனார். இத்தனை ஆர்வத்தை அவர் எங்கும் பார்த்ததில்லையாம்.

பேச்சு முடியும்வரை அவருடைய கார் பந்தலுக்குப் பக்கத்திலேயே நின்றது. ஐயா திரும்பி ஏறும்போது உள்ளே குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று ஓட்டுநர் இஞ்சினை அணைக்கவே இல்லை. புகை நேராகப் பெண்கள் வரிசைக்கு வந்தது. பாக்கியம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து என்னிடம் சொன்னாள்: "பச்ச அடிக்கட்டும், மஞ்ச அடிக்கட்டும். மொதல்ல அந்தக் காடிய அணைக்கச் சொல்லுங்க."

ஜாக்கெட்டின் ஜிப்பு

அந்தக் கூட்டத்தால் ஒரு பலனும் இல்லை என்று சொல்ல முடியாது. சபாபதிக்குச் சொற்கள் கிடைத்தன. சில வாரங்களில் மேலிடத்திலிருந்து புதிய உத்தரவு: மின்சாரச் சிக்கனத்துக்காக, காலை நெரிசல் தீர்ந்ததும் லிப்டு நிற்கும், மாலையில் வேலையாட்கள் திரும்பும்போது மறுபடி ஓடும். எங்களுக்கு இருந்தது இரண்டு லிப்டு. ஒன்று எப்போதோ செத்து, அதன் கதவுக்குள் துடைப்பம் வைத்திருந்தோம். நிற்கப்போவது மற்றது.

பாக்கியம் சபாபதியைத் தேடி வந்தாள். மாணிக்கத்தின் மிச்சமிருந்த காலிலும் புண். ஒருநாள் விட்டு ஒருநாள் மருத்துவமனைக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும். தவறினால் அந்தக் காலும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் போனால் திரும்புவது நடுப்பகல். "அந்த நேரத்துல இவர எப்படி ஒம்பதாவது மாடிக்கு ஏத்துவேன் தொரை? என் முட்டியே படியில நிக்க மாட்டேங்குது." சபாபதி கடுமையாகப் பேசவில்லை. கடுமையாகப் பேசியிருந்தால் எனக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது. அவர் தலைக்கு மேல் ஏர்கோன் உறுமிக்கொண்டிருந்தது. ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து விட்டுக்கொண்டு, பரிவோடு சொன்னார்: "கஷ்டந்தாம்மா. ஆனா பூமியக் காப்பாத்த நாம ஒவ்வொருத்தரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும் இல்லையா?"

இஞ்சின் ஓடும் இடம்

முதல் முறை குமரனும் இன்னும் மூன்று பேரும் விடுப்புப் போட்டு வந்து, மாணிக்கத்தை நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். ஏர்கோன் சண்டை அதோடு தீர்ந்தது. இரண்டாம் முறை ஆறாம் மாடித் திருப்பத்தில் ஒருவருக்குக் கால் தடுக்கி, மாணிக்கத்தின் பாதம் கம்பியில் மோதி, மாற்றி வந்த கட்டு நனைந்து சிவந்தது. "பரவால்ல, பரவால்ல" என்றே அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை தூக்க ஆளில்லை. வேலைக்குப் போகிறவன் எத்தனை நாள் விடுப்புப் போடுவான்? நின்றுபோன லிப்டின் முன்னால், வெயில் ஏறிய சிமெண்டுத் தரையில், அவர்கள் இருவரும் மாலைக்காகக் காத்திருந்தார்கள். நான் போய் அந்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அலுவலகத்துக்குள் கொண்டுவந்தேன். குளிர் முகத்தில் பட்டதும் மாணிக்கம் கண்ணை மூடினார். பிறகு திறந்து, கூரையைப் பார்த்து, சுவரைப் பார்த்து, "இங்க இஞ்சின் நல்லா ஓடுதுங்களே" என்றார். அதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது சுட்டது.

அடுத்த முறை அவர்கள் தனியாக வரவில்லை. பசார் கூடையோடு மாடியேற முடியாத பெண்கள் வந்தார்கள். குமரனின் மனைவி குழந்தையோடு வந்தாள். பள்ளி விட்ட பிள்ளைகள் புத்தகப் பையைத் தரையில் போட்டு உட்கார்ந்தார்கள். யாரும் கத்தவில்லை, பலகை பிடிக்கவில்லை. லிப்டு ஓடும்வரை உட்கார்ந்திருப்பது, அவ்வளவுதான். கோப்பு அலமாரியின் மேல் யாரோ வைத்த கெம்போங் மீன் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. ஆட்கள் வர வர, திறந்து மூடும் கதவு திறந்தே நின்றுவிட்டது. ஏர்கோன் முக்கி முனகிப் பார்த்தது. அத்தனை பேருடைய மூச்சையும் வேர்வையையும் அதனால் குளிர வைக்க முடியவில்லை. சபாபதி அறையிலிருந்து வெளியே வந்தார். "இவங்கள யாரு உள்ள விட்டது?" "லிப்டுக்காகக் காத்திருக்காங்க, சார்" என்றேன். அவர் நின்றார், நெற்றியைத் துடைத்தார், பிறகு ஜாக்கெட்டைக் கழற்றினார். அவர் சட்டையின் நிறத்தை நான் அன்றுதான் பார்த்தேன். அவர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். என்ன பேசினாரோ, கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். வெளியே வந்து ரஹீமைக் கூப்பிட்டு, "லிப்ட ஓட விடுங்க" என்றார்.

அந்த உத்தரவு பிறகு சத்தமில்லாமல் காணாமல் போனது. கட்டு ஒழுங்காக மாறியதால் மாணிக்கத்தின் புண் ஆறியது, கால் தங்கியது. மிதவை வர இன்னும் பல மாதம் ஆனது. நடைவழிக்குச் சன்னல் இன்றுவரை வரவில்லை. ஆனால் நான் மறக்காதது லிப்டு மறுபடி ஓடிய அந்தப் பகலின் கடைசி நிமிடம். எல்லோரும் லிப்டுக்குப் போய்விட்டார்கள். பாக்கியம் மட்டும் கணவரின் நாற்காலியை வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்பி உள்ளே வந்தாள். சபாபதி பார்த்துக்கொண்டிருக்க, சுவரருகே போய், ஏர்கோன் சுவிட்சைத் தட்டினாள். உறுமல் நின்றது. அந்த அலுவலகத்தில் அத்தனை வருடத்தில் முதன்முறையாக வெளியே ஒரு குருவி கத்துவது கேட்டது. அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அணைக்கிறது ஆபீஸ் வேலைன்னே நெனச்சிருந்தேன் கிராணியம்மா. நாங்களே செய்யலாம் போலருக்கே!"

பூமியைக் காப்பாற்றும் வேலை எங்கள் கட்டடத்தில் எப்போதும் ஒன்பதாம் மாடியில்தான் தொடங்கும், ஏர்கோனும் என் கம்பளிச் சால்வையும் இருந்த தரைத்தள அலுவலகம்வரை அது இறங்கி வர லிப்டு மட்டும் ஓடாது.